ஆழ்வார்திருநகரியா, கல்லிடைக்குறிச்சியா?

திருநெல்வேலியில் ஒரு நாள் கையில் இருக்கிறது, தாமிரபரணிக் கரையில் பழைய ஊர் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்றால் இரண்டு வழி. கிழக்கே திருச்செந்தூர் ரயிலில் ஏறினால் ஆழ்வார்திருநகரி. மேற்கே செங்கோட்டை ரயிலில் ஏறினால் கல்லிடைக்குறிச்சி. இரண்டுமே தென்கரை ஊர்கள். ஆனால் ஆறு ஒரே மாதிரி இருக்காது.

கல்லிடையில் பொதிகை மலை பக்கத்திலேயே நிற்கும். மலையை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரமே வந்த தண்ணீர், குளிக்க அவ்வளவு சுகம். பாபநாசம் அணையில் எவ்வளவு திறந்திருக்கிறார்கள் என்று உள்ளூர்க்காரர்களிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். ஆழ்வார்திருநகரிக்கு வருவதற்குள் வழியெல்லாம் வயலுக்குக் கொடுத்து, ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டையும் தாண்டி வரவேண்டியிருக்கிறது. கோடையில் பார்த்தால் மனசு கேட்காது. ஆற்றுக்காகப் போகிறவர்கள் மேற்கே போவதே சரி.

பழமை என்று வந்தால் கிழக்குதான். குருகூர் என்ற பழம்பெயர் கொண்ட இந்த ஊர் நம்மாழ்வார் பிறந்த மண். அவர் அமர்ந்திருந்ததாகச் சொல்லும் புளியமரம் ஆதிநாதர் கோயிலுக்குள் இன்றும் நிற்கிறது. இரவிலும் இலை மூடாது என்பதால் உறங்காப்புளி என்கிறார்கள். கல்லில் குடைந்த நாதஸ்வரமும் இக்கோயிலில் உண்டு. ஊதத்தக்க அளவுக்குக் கல்லைக் குடைந்த கையை நினைத்தால் கும்பிடத் தோன்றும். மதியம் நடை சாத்திவிடுவார்கள். அந்த நேரத்தை ஆதிச்சநல்லூருக்கு வைத்துக்கொள்ளுங்கள். தோண்டிய குழியிலேயே முதுமக்கள் தாழிகளை விட்டு, மேலே கண்ணாடித் தளம் போட்டு 2023-ல் திறந்தார்கள். காலடியில் அந்தத் தாழிகளைப் பார்ப்பதற்காகவே இந்தப் பக்கம் வரலாம்.

கல்லிடையிலும் கோயில்களுக்குக் குறைவில்லை. குலசேகரமுடையார் கோயிலில் 1982-ல் திருடுபோன நடராஜர், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு கலைக்கூடம் வரை போய் 2019-ல் ஊர் திரும்பினார். ஆனாலும் இங்கே நேரம் போவது தெருக்களில்தான். திண்ணை வைத்த அக்ரஹார வீடுகள், வெயிலில் காயும் உளுந்து அப்பளம். கட்டுக் கட்டாக வாங்காமல் யாரும் திரும்புவதில்லை. பாலத்தைத் தாண்டினால் அம்பாசமுத்திரம், அப்புறம் சாப்பாட்டுக்குக் கவலையில்லை.

குழந்தைகளோடு, முதல் முறை என்றால் நான் கல்லிடையைத்தான் சொல்வேன். வைகாசியில் வருகிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம்: நவதிருப்பதி ஒன்பது பெருமாள்களும் கருடன்மேல் ஆழ்வார்திருநகரியில் கூடும் ஒன்பது கருட சேவை அந்த மாதம்தான். கூட்டம் நெரியும் என்பதால், நெல்லையில் அறையை முன்கூட்டியே பிடித்துவிடுங்கள்.