நடு பிக்கப்பை மாற்றியதும் அடங்கிய ஹம்: வேலூரில் சில வருட அனுபவம்

சத்துவாச்சாரியில் எங்கள் சர்ச் குழுவிலும், அப்புறம் கல்யாண மண்டபக் கச்சேரிகளிலும் நான் வாசிப்பது மூன்று சிங்கிள் காயில் பிக்கப் (ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சாரமாக மாற்றும், காந்தமும் ஒரே கம்பிச்சுருளும் கொண்ட பாகம்) உள்ள ஸ்ட்ராட் வகை எலக்ட்ரிக் கிட்டார். ஹம் என்ற இரைச்சலை அடக்க, அதில் நடு பிக்கப்பை மட்டும், கம்பிச் சுற்றும் காந்தத் துருவமும் எதிராகத் திருப்பிய ஒன்றாக மாற்றிச் சில வருடங்கள் ஆகின்றன. சோக் வைத்த டியூப்லைட், சீரியல் லைட், ஃபேன் ரெகுலேட்டர் எல்லாம் ஒன்றாக ஓடும் மண்டபங்களில் வாசித்துப் பார்த்துவிட்டேன். சிங்கிள் காயில் ஓசையை விட மனமில்லாதவர்கள் முதலில் செய்ய வேண்டிய வேலை இதுதான் என்பேன்.

நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஒயர்களையும் டிரான்ஸ்ஃபார்மரையும் சுற்றி உண்டாகும் காந்தப்புலம் காயிலில் புகுந்து, ஆம்பில் ஹம்மாகக் கேட்கிறது. ஹம் எந்தத் திசையில் வரும் என்பது காயில் சுற்றிய திசையை மட்டும் பொறுத்தது. பிக்கப் காந்தத்துக்கு அதில் வேலையே இல்லை. ஸ்ட்ரிங்கின் ஓசைக்கோ காயில் சுற்றிய திசையும் கணக்கு, காந்தத்தின் துருவமும் கணக்கு. ஆகவே இரண்டையும் திருப்பிய பிக்கப்பை இன்னொன்றோடு சேர்த்தால் ஓசை கூடுகிறது, ஹம் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. கிப்சனில் இருந்த செத் லவர் 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஹம்பக்கர் என்ற இரட்டைக் காயில் பிக்கப்பிலும் இதே தத்துவம்தான்.

பாதி வேலை செய்தால் பலன் இல்லை. ஒயரை மட்டும் மாற்றிச் சால்டர் செய்தால் ஹம் போகும், கூடவே பேஸும் போய் ஓசை மெலிந்துவிடும். காந்தத்தை மட்டும் திருப்பினால் ஓசையும் மெலியும், ஹம்மும் அப்படியே இருக்கும். வாங்கும்போது ரிவர்ஸ் வவுண்ட் (திருப்பிய சுற்று), ரிவர்ஸ் போலாரிட்டி (திருப்பிய துருவம்) என்று இரண்டையும் கேட்டு வாங்குங்கள். துருவத்தைப் பார்க்க ஒரு சின்ன காம்பஸ் போதும். இரண்டு பிக்கப்பின் தலைக்கு மேலும் பிடித்தால், முள்ளின் எதிரெதிர் முனைகள் இழுபட வேண்டும்.

சுற்று எண்ணிக்கையும் நெருங்கியிருக்க வேண்டும். வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவு ஹம் மிஞ்சும். ஒரே தடிமன் கம்பி என்றால் மல்டிமீட்டரில் ஓம்ஸ் பார்த்து ஒப்பிடலாம். ஆனால் வேலூர் வெயிலை மறக்கக் கூடாது. செம்பின் மின்தடை ஒரு டிகிரிக்குச் சுமார் 0.4 சதவீதம் ஏறும். 25 டிகிரியில் 6 கிலோ ஓம்ஸ் காட்டும் காயில், 40 டிகிரியில் 6.3ஐத் தாண்டும். மார்கழியில் ஒன்றையும் சித்திரையில் இன்னொன்றையும் அளந்து ஜோடி சேர்த்தால் சரிவராது. இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே அறையில் வைத்து அளக்க வேண்டும்.

பலன், செலக்டர் ஸ்விட்சில் நடு பிக்கப்பும் இன்னொன்றும் சேர்ந்து ஒலிக்கும் 2, 4ஆம் இடங்களில் மட்டும்தான், ஆனால் அங்கே அருமையான அமைதி. ஜெபத்துக்குப் பின்னணியாக மெல்ல வாசிக்கும்போது இனி வால்யூமை இறக்கி ஏற்றும் வேலை இல்லை. ஒரே பிக்கப் ஒலிக்கும் 1, 3, 5இல் ஹம் பழையபடி வரும். லீட் வாசிக்கும் சில நொடிகளுக்கு அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

உள்ளே காப்பர் ஃபாயிலும் ஒட்டியிருக்கிறேன். அது 'ஜிர்ர்' என்ற கூரான சத்தத்தைக் குறைக்கும், காந்த ஹம்மைத் தடுக்காது. ஸ்ட்ரிங்கைத் தொட்டதும் சத்தம் குறைந்தால் அது வேறு விஷயம். கிட்டாரின் ஷீல்டிங், கிரவுண்ட் ஒயர், மண்டபத்து எர்த் மூன்றையும் பாருங்கள். இதே போல ஜோடி பிக்கப் உள்ள ஜாஸ் பேஸ் கிட்டார் வாசிப்பவர்கள், பிக்கப்புக்கு ஒன்றாக உள்ள இரண்டு வால்யூமையும் முழுதாகத் திறந்து வையுங்கள். ஒன்றைக் குறைத்த உடனே ஜோடி கலைந்து ஹம் திரும்பிவிடும்.