பாளையங்கோட்டையில் ஒரு ஹாங்கி டாங்க் சாயங்காலம்

பாளையங்கோட்டையில் ‘கன்ட்ரி மியூசிக்’ என்று போஸ்டர் ஒட்டினால் யார் வருவார்கள் என்று கேட்கவே வேண்டாம். அமெரிக்க கன்ட்ரி பாடகர் ஜிம் ரீவ்ஸின் கேசட்டை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிற பெரியவர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். நான் கோயில் (சர்ச்) பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கிறவன். என்னை மாதிரி ஆட்கள் கொஞ்சம் பேர் பின்வரிசையில் இருந்தோம். பாடியது பெங்களூர்க் குழு ஒன்று. டிக்கெட் முந்நூறு ரூபாய், டீயும் வடையும் சேர்த்து. வடை நன்றாக இருந்தது.

ஜிம் ரீவ்ஸை எதிர்பார்த்து வந்தவர்களுக்குக் கிடைத்தது அதற்கு நேர்மாறான ஹாங்கி டாங்க் என்கிற கன்ட்ரி வகை. 1950களின் கடைசியில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்து ஸ்டூடியோக்காரர்கள் பிடிலையும், தந்திமேல் இரும்பை வழுக்கி வாசிக்கிற ஸ்டீல் கிட்டாரையும் ஓரங்கட்டிவிட்டு, மெத்தென்று கூட்டு வயலினும் பின்பாட்டும் வைத்தார்கள். ஜிம் ரீவ்ஸ் குரல் அந்த மெத்தையில்தான் உட்கார்ந்திருக்கும். ஹாங்கி டாங்க் அதற்கு முந்தியது. டெக்சாஸ் பக்கத்து மதுக்கடைகளில், குடித்துவிட்டு ஆடுகிற கூட்டத்தின் இரைச்சலை மீறிக் கேட்க வேண்டுமே என்று மின்சாரக் கிட்டாரைக் கையில் எடுத்த இசை. பாட்டெல்லாம் குடி, துரோகம், விட்டுப்போன மனைவி. இந்த வகையின் பெரிய பெயரான ஹாங்க் வில்லியம்ஸ் 1953 புத்தாண்டு அன்று, கச்சேரிக்குப் போகிற வழியில், காரின் பின்சீட்டிலேயே இறந்துபோனார். வயது 29. மேடையில் பாடியவர் இதையெல்லாம் இடையிடையே சொல்லிக்கொண்டே போக, பக்கத்தில் இருந்த அண்ணாச்சி என் காதில், “ஏ தம்பி, இதுல ஒண்ணையும் கோயில்ல பாட முடியாது போலுக்கே” என்றார். ஆனால் எழுந்து போகவில்லை.

போகாததற்குக் காரணம் பெடல் வைத்த ஸ்டீல் கிட்டார் (பெடல் ஸ்டீல்) வாசித்தவர். பெங்களூரிலிருந்து வந்த ஐந்து பேரில் அவர் ஒருவர்தான் வாயே திறக்கவில்லை. மேசை மாதிரி நிற்கிற கருவி, பத்து தந்தி. இடது கையில் இரும்புத் துண்டு, வலது கை விரல்களில் நகப்பூண். நம் சித்திரவீணையில் கட்டையை நகர்த்தித்தான் சுரம் வழுக்கும். இவரோ இரும்பை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு, காலால் பெடலை மிதித்தார். முழங்காலால் ஒரு கம்பியைப் பக்கவாட்டில் தள்ளினார். ஒரு தந்தி அசையாமல் நிற்க, பக்கத்துத் தந்தி மட்டும் இழைந்து மேலே ஏறியது. 1954-ல் ஹாங்கி டாங்க் பாடகர் வெப் பியர்ஸின் இசைத்தட்டில் பட் ஐசக்ஸ் இப்படி வாசித்ததைக் கேட்டுவிட்டு, அங்கே மற்ற ஸ்டீல்காரர்களும் தங்கள் கருவியில் பெடல் மாட்ட ஆரம்பித்தார்களாம். ஆச்சரியமே இல்லை.

ஒலி அமைப்புதான் சொதப்பல். முதல் அரைமணி நேரம் பாட்டில் ஒரு வரி விளங்கவில்லை. கொடை விழா அறிவிப்புக்கு வைக்கிற எக்கோவை அப்படியே மைக்கில் விட்டிருந்தார்கள். மேலே தகரக் கூரை வேறு. டிரம் அடி ஒவ்வொன்றும் இரண்டு தடவை கேட்டது. ஒருவழியாக டிரம்மர் குச்சியை வைத்துவிட்டு பிரஷ்ஷை எடுத்த பிறகுதான் காது ஆறியது.

இடைவேளைக்குப் பிறகு ஆல்ட் கன்ட்ரி. வேகமும் இரைச்சலுமான பங்க் ராக் கேட்டு வளர்ந்த பையன்கள் தாத்தா காலத்துப் பாட்டுக்குத் திரும்பிய கதை; இல்லினாய் மாநிலத்து அங்கிள் டுபெலோ குழு 1990-ல் வெளியிட்ட முதல் ஆல்பத்திலிருந்து சூடுபிடித்தது. எனக்கு இது பிடித்தது, ஆனால் இவர்கள் வரிசை போட்ட விதம் சரியில்லை. மெதுவான பாட்டு நாலு அடுத்தடுத்து வந்தால் யார்தான் கொட்டாவி விடமாட்டார்கள்? முன்வரிசையில் பாதி காலி. அப்புறம் ஒரு வேகமான ஷஃபிள் தாளப் பாட்டை எடுத்ததும், வாசலில் டீ குடித்துக்கொண்டு நின்றவர்கள் உள்ளே வந்தார்கள். ஆடுவதற்குத்தான் இடமில்லை. ஆட்டத்துக்கென்றே பிறந்த இசைக்குக் கல்யாண வீடு மாதிரி நாற்காலியை நெருக்கிப் போட்டவரை என்ன சொல்வது!

மறுபடியும் வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் போவேன். போகிறவர்கள் ஸ்டீல்காரர் எந்தப் பக்கம் உட்காருகிறார் என்று பார்த்து அந்த ஓரத்தில் இடம் பிடியுங்கள். நடுவில் உட்கார்ந்தால் அவர் கால் தெரியாது.