அப்பாட கதைய எழுத ஆள் பிடிச்சு மூண்டு வருசம், என்ட அனுபவம்

அப்பாட வாழ்க்கைய புத்தகமாக்க 2022ல ஒரு கோஸ்ட் ரைட்டர, அதாவது தன்ட பேர் போடாம மற்றாக்களுக்கு எழுதிக் குடுக்கிற ஆள, பிடிச்சம். புத்தகம் வந்தும் ரெண்டு வருசம் தாண்டிற்று, அதால நல்லது கெட்டது ரெண்டையும் சொல்றன்.

முதல்ல டைப் பண்ற பொடியன் ஒராள்ட்டத்தான் குடுத்தம். அப்பா பேசின ரெக்கோர்டிங்க அப்பிடியே பாமினி எழுத்துருவில அடிச்சுத் தந்தான், அவன்ட வேலை அதுதானே, ஆனா 78 சூறாவளிக்கு நடுவில 57 வெள்ளம் வரும், மறுகா அம்மாட கலியாணம் வரும், வாசிக்க ஏலாது. எடிட்டர் ஒராளக் கேட்டா, "எழுதினது ஒண்டு இருந்தாத்தானே தம்பி திருத்தலாம்" எண்டு சிரிக்கிறார். இணை ஆசிரியர் எண்டா அட்டையில அவர்ட பேரும் வரும், அப்பா ஒத்துக்கொள்ளமாட்டார். எங்களுக்குத் தேவை பக்கத்தில இருந்து குடைஞ்சு கேட்டு, அப்பா சொல்ற மாதிரியே எழுதித் தந்திட்டு, காச வாங்கிக்கொண்டு பேர் இல்லாமப் போற ஆள்.

அப்பிடித்தான் இந்த கோஸ்ட் ரைட்டர பிடிச்சம். கேக்கிறதில மனுசன் கெட்டிக்காரன், அத ஒத்துக்கொள்ளணும். 78 சூறாவளி அடிச்ச நவம்பர் 23 இரவு அப்பா மட்டக்களப்பு படுவான்கரையில வட்டை வாடிக்குள்ள, வயல் காவல் குடிசைக்குள்ள, இருந்த கதைய நாங்க நூறு தரம் கேட்டிருப்பம், இவர் "அய்யா, அப்ப காலில செருப்பு இருந்துதா?" எண்டு கேட்டார். அப்பா கொஞ்ச நேரம் பேசல்ல. "ஒத்தச் செருப்புத்தான் கிடந்த. அதோடதான் விடிய ஊருக்கு நடந்தன், ஏன் கழட்டல்லயெண்டு எனக்கே தெரியா."

எழுத்துத்தான் சொதப்பல். முதல் பிரதியில எங்கட அப்பா ரேடியோ செய்தி வாசிக்கிறவர் மாதிரிப் பேசுறார். களவெட்டியில சூடடிக்கிற பகுதியில "பொலி" எண்டு சொன்னதெல்லாம் "நெல்" ஆகிக் கிடக்கு, அப்பாக்கு ஏறின கோவம், "களவெட்டிக்குள்ள நிண்டு நெல்லெண்டு சொல்லப்படாது மனே, இவனுக்கு ஆரும் சொல்லிக் குடுக்கல்லயா" எண்டு பேப்பரத் தூக்கி எறிஞ்சிட்டார். ரைட்டர் ரெண்டு அத்தியாயம் முழுசாத் திருப்பி எழுதினவர். திருத்தம் எத்தின தரம் எண்டு முதலே பேசாததால அதுக்கு வேற காசு.

பெரிய தலையிடி பிறகுதான். ஒரு வருசம் கழிச்சு, வேற வேலைக்கு விண்ணப்பிக்கிறன், இத நான்தான் எழுதினனெண்டு போடட்டா எண்டு கோல் எடுத்தார். அப்பா முகம் சுருங்கிற்று. சரியாப் பாத்தா அவர்லயும் பிழையில்ல, இலங்கைட 2003ம் ஆண்டு 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தில எழுதினவர் தன்ட பேரக் காட்டச் சொல்லிக் கேக்கிற உரிமையும் இருக்கு, பேர் வேணாமெண்டு விடுற உரிமையும் இருக்கு. நாங்க எழுதி வெச்ச துண்டில காசுக் கணக்குத்தான் இருந்த, பேர் கதையும் இல்ல, ரெக்கோர்டிங் ஆர்ட்ட இருக்கிறதெண்டும் இல்ல. கடைசியில இன்ன புத்தகமெண்டு சொல்லாம "ஒரு விவசாயிட சுயசரிதை" எண்டு போட்டுக்கொண்டார். ரெக்கோர்டிங் எல்லாத்தையும் பென்ட்ரைவில நான் வாங்கிட்டன்.

இப்ப பெரியப்பாவும் எழுதணுமாம். அதே ஆளத்தான் கூப்பிட்டிருக்கம், ரேட்டக் கூட்டிட்டார், பரவால்ல. ஆனா இந்தமுறை முதல் ரெண்டு பக்கம் பெரியப்பா மாதிரி எழுதிக் காட்டினாத்தான் அட்வான்ஸ்.