மாரோவிண்ட், ஒப்லிவியன், ஸ்கைரிம்: மூணையும் பக்கத்துல வெச்சுப் பாத்தா

மூணும் எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசைல அடுத்தடுத்து வந்த வீடியோ கேம். ஏற்காடு பக்கம் நாகலூர்ல சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தப்ப அவர் பையன் கேட்டான், "ஏங்கண்ணா, ஸ்கைரிம் ரெண்டு தடவ முடிச்சிட்டேன், அத விட என்ன பெருசா இருக்கு அந்தப் பழைய மாரோவிண்ட்ல?"னு. மழைல கரண்ட் போயிடுச்சு, ராத்திரி முழுக்க பேசினோம். அதத்தான் எழுதறேன்.

மொதல்ல வழி. 2002ல வந்த மாரோவிண்ட்ல எங்க போகணும்னு காட்ட அம்புக்குறியே கெடையாது. பல்மோரா ஊர்ல ஹஸ்ஃபாட்னு ஒருத்தர், ஆர்க்ங்தாண்ட் பாழடைஞ்ச கோட்டைலேருந்து ஒரு பெட்டிய எடுத்துட்டு வரச் சொல்வார், ஊருக்குத் தெக்க எறங்கி, மூன்மாத் கோட்டையத் தாண்டி, பழைய பாலத்தக் கடந்து ஏறுன்னு வழி சொல்றதோட சரி. நான் ஏறிப் போனா கதவு மூடிக் கெடக்கு. பக்கத்துல ஒரு கொழாய்ல இருக்கற கைப்பிடியத் திருப்பினாதான் தொறக்கும், அது என் கண்ணுல படவே ஒரு சாயங்காலம் போச்சு, உள்ள அந்தப் பெட்டியோ கையளவு, ஷெல்ஃபுல ஒரு ஓரமா உக்காந்திருக்கு. நோட்டுல பென்சில்ல வரைஞ்சு வெச்சுதான் முடிச்சேன். மொத தடவ பைக்ல நாகலூர் வந்தப்ப சித்தப்பாவும் இப்டிதான் சொன்னார், ஏரியத் தாண்டி வா, மெளகுக்கொடி ஏத்துன சில்வர் ஓக் வரிசையா வரும், அங்க டீக்கடைல கேளுன்னு. அந்த ரோடு இன்னிக்கும் எனக்கு மனப்பாடம்.

2006ல ஒப்லிவியன் வந்தப்ப காம்பஸ்ல அம்புக்குறி வந்துடுச்சு, பெரிய ஊருக்கெல்லாம் ஆரம்பத்துலேருந்தே மேப்ப தட்டினா போயிடலாம். ஸ்கைரிம்லயும் அம்பு அப்டியே. தங்க நகம் வெச்சுத் தொறக்கற கதவுக்கு விடை அந்த நகத்துலயே செதுக்கி இருக்கு, திருப்பிப் பாத்தா முடிஞ்சுது.

நாம வளத்துக்கற ஸ்கில்லு இந்த மூணுலயும் 27, 21, 18னு கொறைஞ்சுட்டே வந்துது. பலம், புத்தி மாதிரி எட்டு அட்ரிபியூட் மொத ரெண்டுலயும் இருந்துது, ஸ்கைரிம்ல மேஜிக்கா (மந்திர சக்தி), ஹெல்த், ஸ்டாமினா மட்டும்தான். எனக்கு நம்பர விட வலிக்கறது காணாமப் போன மந்திரங்கதான். மாரோவிண்ட்ல டெல்வானின்னு ஒரு மந்திரவாதிக் கூட்டம், அவங்க கோபுரத்துல படியே இருக்காது, பறக்கத் தெரிஞ்சாதான் மேல ஏறலாம், ஒப்லிவியன்ல அந்தப் பறக்கற மந்திரத்தையே எடுத்துட்டாங்க. ஸ்கைரிம்ல நாமளே மந்திரம் செய்யற வசதியும் போச்சு.

நாம சேர்ற சங்கமான கில்டுலயும் இதே கததான். மாரோவிண்ட்ல ஸ்கில் ஏறாம பதவி உசராது. ஸ்கைரிம்ல மந்திரவாதிங்க காலேஜ் வாசல்ல ஒரு மந்திரம் போட்டுக் காட்டிட்டு உள்ள போய், அவங்க குடுக்கற கொஞ்சம் குவெஸ்ட் வேலைய முடிச்சா அதுக்கே தலைவர், அதாவது ஆர்ச்மேஜ் ஆயிடலாம், மீதி நேரம் பூரா கோடாலி வீசிட்டு இருந்தாலும் யாரும் கேக்க மாட்டாங்க!

ஆனா ஒப்லிவியன நான் சும்மா தள்ள மாட்டேன். டார்க் பிரதர்ஹுட்ங்கற கொலைகாரக் கூட்டத்துல, கொல்ல வந்த நம்மள அஞ்சு விருந்தாளிங்களோட ஒரே வீட்டுல பூட்டி வெச்சு, ஒவ்வொருத்தரா சாகச் சாக மிச்சவங்க ஒருத்தர ஒருத்தர் சந்தேகப்படுவாங்க பாருங்க, அந்த மாதிரி குவெஸ்ட் மத்த ரெண்டுலயும் இல்ல. அத மூழ்கடிச்சது லெவல் ஸ்கேலிங். நாம ஏற ஏற வழிப்பறித் திருடனும் வெல ஒசந்த கிளாஸ் ஆர்மர் கவசம் மாட்டிட்டு வந்து நூறு காசு கேக்கறான். அப்ப நான் வளந்ததுக்கு என்ன அர்த்தம்?

ஸ்கைரிம்ல பனிமலை நடைக்கும் குகைங்களோட அழகுக்கும் நான் அடிமைதான். மாரோவிண்ட்ல சண்ட மோசம்னும் ஒத்துக்கறேன், முன்னாடி நிக்கறவன வெட்டினாலும் படாது, ஓடிட்டுப் போய்ச் சண்ட போட்டா சோர்வுல இன்னும் தவறும், கிளிஃப் ரேசர் பறவைங்க வேற விடாது. இருந்தும் என் ஓட்டு அதுக்குத்தான், அது என் மூளைய நம்புச்சு, மத்த ரெண்டும் போகப் போக நம்பறத விட்டுடுச்சு.

சித்தப்பா பையனோட பழைய லேப்டாப்ல, மாரோவிண்ட ஓட்டற ஓப்பன் எம்டபிள்யூ சாஃப்ட்வேர் போட்டு ஓட்டிக் காட்டிட்டு, ஒரு நாப்பது பக்க நோட்டும் குடுத்துட்டு சேலம் எறங்கினேன். நேத்து ராத்திரி பதினொன்றரைக்கு போன், "அண்ணா, ஆர்க்ங்தாண்ட் கதவு தொறக்கவே மாட்டேங்குது"ன்னான். சுத்தி நல்லா பாருடான்னு மட்டும் சொல்லி வெச்சிட்டேன்.