இறுகிய செம்மண்ணில் கூடாரத்துக்கு எந்த முளை?

ஆடி மாதத்தில் யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதி வளவொன்றில் கூடாரம் அடிக்கவோ, வாகனத்தின் பக்கத்தில் நிழலுக்குப் படங்கு இழுத்துக் கட்டவோ முயன்றவர்கள், கூடாரப் பையோடு வரும் மெல்லிய கம்பி முளை இரண்டாவது அடியிலேயே வளைந்து போவதைக் கண்டிருப்பார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்கள் கொண்டுவந்து தரும் கூடாரங்களில் இருப்பவை பெரும்பாலும் ஈரமான புல்வெளியை எண்ணிச் செய்யப்பட்ட முளைகளே. எங்களுடைய நிலத்துக்கு வேறு முளை வேண்டும் என்பதில் ஐயமில்லை. எந்த முளை என்பதே கேள்வி.

முளையை வாங்குவதற்கு முன்பு, இங்கே இரண்டு வேறு இடர்ப்பாடுகள் இருப்பதைப் பிரித்தறிய வேண்டும். சுன்னாகம், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண் மழைக்குப் பின் இளகி இருந்தாலும், கோடையில் செங்கல்லைப் போல இறுகிவிடுகிறது; ஆனாலும் அதற்குள் ஆழம் உண்டு. கீரிமலை, மாதகல் போன்ற இடங்களில் மண் மெல்லிய போர்வையாக மட்டுமே கிடக்க, அதன் கீழே, கீரிமலைக் கேணிக்கு நன்னீரைக் கொண்டுவந்து சேர்க்கும் அதே சுண்ணாம்புக்கல், சில அங்குலங்களிலேயே தட்டுப்படுகிறது. முதலாவது இறுக்கம், இரண்டாவது ஆழமின்மை. இறுக்கத்தை நல்ல முளை வெல்லும். ஆழமின்மையை எந்த விலையுயர்ந்த முளையும் வெல்லாது. அலவாங்கை (கடப்பாரையை) நான்கு இடங்களில் குத்திப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

ஒரு வட்டக் கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கிற்கேற்பக் கூடுகிறது. ஆகவே 4 மில்லிமீற்றர்க் கம்பியை விட 8 மில்லிமீற்றர்க் கம்பி 16 மடங்கு விறைப்பானது. பையோடு வரும் முளைகள் தோற்பதற்கும், சற்றே தடித்தவை நின்றுபிடிப்பதற்கும் இதுவே காரணம். அலுமினிய முளை, குறுக்குவெட்டில் மூன்று இதழாகவோ கூரை வடிவிலோ செய்யப்பட்டிருந்தால், அதே தடிப்புள்ள கம்பியை விட மண்ணை அகலமாகப் பற்றிக்கொள்ளும். எடையோ உருக்கின் மூன்றில் ஒரு பங்குதான். தோளில் சுமந்து நடப்பவர்களுக்கு அது நல்ல தெரிவு. ஆனால் காய்ந்த செம்மண்ணில் சுத்தியலால் ஓங்கி அடித்தால் அதன் தலை நசுங்கும், கல்லில் முட்டினால் நுனி மடியும். தைத்தேனியம் ஆணி இலேசும் உறுதியுமானது; வாகனத்தில் போகிறவர்கள் அதற்குக் கொடுக்கும் பணம் வீண்செலவு என்பது என் கருத்து. பிளாஸ்டிக் முளையை இந்த நிலத்துக்கு எண்ணவே வேண்டாம்.

உண்மையான போட்டி இரண்டுக்கிடையில்தான் இருக்கிறது. ஒன்று, 8 மில்லிமீற்றர்த் தடிப்பும் 30 சென்ரிமீற்றர் நீளமும் உள்ள உருக்கு ஆணி முளை. மற்றையது, ஊர்ப் பட்டறையில் 12 மில்லிமீற்றர் முறுக்குக் கம்பியை 45 சென்ரிமீற்றராக வெட்டிச் செய்விப்பது. ஆணி ஒன்று ஏறத்தாழ 120 கிராம், கம்பி ஒன்று ஏறத்தாழ 400 கிராம்; எட்டு முளை என்றால் முன்னது ஒரு கிலோவுக்குள் அடங்கும், பின்னது மூன்று கிலோவைத் தாண்டும். வாகனத்தில் கொண்டுபோவதற்கு அந்த வேறுபாடு பெரிதல்ல. சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று படங்கைத் தூக்கி அடிக்கும்போது கூடுதலாகக் கிடைக்கும் அந்த 15 சென்ரிமீற்றர் ஆழம் மிகப் பெரிது.

ஆனால் பட்டறையில் செய்யும் முளையில் ஒரு பிழை வழமையாக நிகழ்கிறது. மேல்முனையைக் கைத்தடிபோல வளைத்துத் தருவார்கள். வளைவின் மீது விழும் அடி கம்பியின் நேர்கோட்டில் இறங்காமல் பக்கவாட்டில் சிதறுவதால், முளை ஆடிக்கொண்டே இறங்கித் தன் துளையைத் தானே அகட்டிவிடுகிறது. கம்பியை நேராகவே விட்டு, தலைக்குச் சற்றுக் கீழே ஒரு இரும்பு வளையத்தை வெல்டிங் செய்விப்பது மேல்: அடி தலையில் விழும், கயிறு வளையத்தில் நிற்கும், கழற்றும்போது அதே வளையத்துக்குள் அலவாங்கின் நுனியைக் கொடுத்துக் கிளப்பவும் முடியும். நுனியைப் பென்சில்போல நீளமாகக் கூராக்க வேண்டாம். கட்டையான கூரே கல்லில் முட்டினாலும் மடியாது. முறுக்குக் கம்பிக்குப் பதிலாக அதே தடிப்பில் வழுவழுப்பான வட்டக் கம்பி கிடைத்தால் நான் அதையே எடுப்பேன், ஏனெனில் அது கயிற்றை அராவாது, திருகிக் கழற்றவும் இலகுவானது.

துளையிடும் இயந்திரத்தால் முறுக்கி இறக்கும் மரைமுளையைப் பலர் புகழ்கிறார்கள். கல் கலவாத செம்மண்ணில் அது சத்தமின்றி இறங்கும், கழற்றுவதும் எளிது. கற்சல்லி கலந்த இடத்திலோ பாதியில் நின்றுவிடும். மின்கலம் தீர்ந்தால் வேலையும் நிற்கும்.

அடிப்பதற்கு முதல்நாள் மாலையில் ஒவ்வொரு முளையிடத்திலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி வைத்தால், எந்த முளையானாலும் பாதி உழைப்பு குறையும். முளையின் தலை கூடாரத்துக்கு எதிர்ப்புறமாகச் சாய்ந்திருக்க வேண்டும். கயிறு மண்மட்டத்தை ஒட்டி நிற்க வேண்டும், உயர்ந்தால் அதுவே நெம்புகோலாகி முளையைப் பிடுங்கும். கிணற்றிலிருந்து தண்ணீர்த் தாங்கிக்குப் போகும் குழாய் எங்கே புதைந்திருக்கிறது என்று வளவுக்காரரிடம் கேட்காமல் 45 சென்ரிமீற்றர்க் கம்பியை இறக்கக் கூடாது. எங்கள் வளவில் அப்படி ஒரு குழாயை உடைத்து, அன்று முழுவதும் மண் தோண்டினோம். சுண்ணாம்புக்கல் சில்லு கண்ணில் தெறிக்கும் என்பதால் கண்ணாடி அணிவதும், வெளியே நிற்கும் முளைத்தலையில் ஒரு சிரட்டையைக் கவிழ்த்து வைப்பதும் பிள்ளைகள் ஓடித்திரியும் இடத்தில் கட்டாயம்.

அலவாங்கு ஒரு சாணுக்குள் கல்லைத் தொட்டுவிட்டால் முளைகளைப் பையிலேயே வைத்துவிட்டு, 20 லீற்றர்த் தண்ணீர்க் கலன்களை நிரப்பி, ஒவ்வொரு கயிற்றுக்கும் இரண்டாகக் கட்டுங்கள். காற்று வலுத்தால் படங்கைச் சுருட்டிவிடுங்கள், ஏனென்றால் 40 கிலோ எடை பலத்த சோளகத்துக்கு ஈடாகாது.