மைன்லேப் வான்குவிஷ் 440: இங்கிலாந்து வயல்களில் சில பருவங்கள் ஓட்டிய பிறகு

மண்ணுக்குள் கிடக்கும் பழைய காசு, நகைகளை மெஷினால் தேடும் மெட்டல் டிடெக்டிங் தொடங்க, மைன்லேப் நிறுவனத்தின் வான்குவிஷ் 440 தாராளமாகப் போதும். பருவங்கள் சில ஓடியபின் ‘இதைவிடப் பெரிய மெஷின் வேண்டும்’ என்று தோன்றினால், பெரும்பாலும் குறை மெஷினில் இருக்காது. காதுக்கும் மண்வெட்டி பிடிக்கும் கைக்கும் பழக்கம் போதாது என்றே அர்த்தம். வைத்திருக்கும் காசையெல்லாம் மெஷினில் கொட்டிவிட்டு, பின்பாயின்டர் (குழிக்குள் பொருள் கிடக்கும் இடத்தைக் காட்டும் சிறு கைக்கருவி) வாங்கக் காசில்லாமல் வயலில் முழங்காலிட்டு மண்ணைப் பிசைகிறவர்கள்தான் சீக்கிரம் சலித்து விற்றுவிடுகிறார்கள்.

வான்குவிஷ் வரிசை 2019-ல் வந்தது. 340, 440, 540 மூன்றும் ஒரே நேரத்தில் பல அலைவரிசைகளில் இயங்குபவை. அந்த விலையில் அதற்கு முன் கிடைத்தவை பெரும்பாலும் ஒற்றை அலைவரிசை மெஷின்கள். உப்பு ஊறிய ஈர மணலில் அவை காரணமில்லாமல் கத்தும், ஏனென்றால் உப்புநீரே மின்சாரம் கடத்தும். வான்குவிஷ் அங்கே அமைதியாக இருக்கும். 340-ல் பொருள் கிடக்கும் இடத்தைத் துல்லியமாகக் குறிக்க உதவும் பின்பாயின்ட் பொத்தான் இல்லை. அதற்காகவே 440-க்குக் கூடுதலாகக் கொடுக்கலாம். 540-ல் 12க்கு 9 அங்குலக் காயிலும் (தரைமேல் ஓட்டும் தட்டு) ப்ளூடூத்தும் வருகின்றன. 440-ன் 10க்கு 7 அங்குலக் காயில் சிறியதுதான், ஆனால் ஆணிகள் மண்டிய பழைய குடியிருப்பு நிலத்தில் அந்தச் சிறுமைதான் உதவும்: இரண்டு ஆணிகளுக்கு நடுவே கிடக்கும் காசைத் தனியாகப் பிரித்துக் காட்டும். நான்கு டபுள்-ஏ பேட்டரியில் ஓடுவதும் வசதி. வயல் நடுவே சார்ஜ் தீர்ந்தால் பையிலிருந்து மாற்றிக்கொள்ளலாம்.

திரையில் மைனஸ் 9 முதல் 40 வரை எண் வரும். மைனஸ் என்றால் இரும்பு. எண் ஏற ஏறக் கடத்துதிறன் கூடிய உலோகம் அல்லது பெரிய பொருள். புதியவர்கள் இந்த எண்ணை நம்பித்தான் ஏமாறுகிறார்கள். மெல்லிய தங்க மோதிரம், சிகரெட் பெட்டியின் ஃபாயில், பான டப்பாவின் வளையம், கரி எரிந்த கோக் கட்டி எல்லாமே ஏறக்குறைய ஒரே எண்களில் வந்து விழும். ‘ஃபாயில்தானே’ என்று அந்த எண்களை மெஷினில் அடைத்து வைத்தால் தங்கத்தையும் சேர்த்தே அடைத்துவிடுகிறீர்கள். ஆரம்பத்தில் இரும்பைத் தவிர எது கேட்டாலும் தோண்டுவது நல்லது.

எண்ணைவிட ஒலிதான் முக்கியம். காயிலைத் தரைக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே, தரைக்கு இணையாக, மெதுவாக ஓட்ட வேண்டும். அரிவாள் வீசுவதுபோல் இரு ஓரத்திலும் தூக்கினால், தூக்கிய இடத்தில் ஆழம் போய்விடும். ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் பாதியை மூட வேண்டும். சத்தம் வந்தால் நின்று, குறுக்கே 90 பாகை திரும்பி மறுபடி ஓட்டுங்கள். இரு திசையிலும் அதே இடத்தில், அதே உயரத்தில், வெட்டின மாதிரிச் சுத்தமாக ஒலித்தால் தோண்டலாம். ஒரு பக்கம் மணியோசை, மறுபக்கம் உறுமல் என்றால் வளைந்த ஆணியாக இருக்க வாய்ப்பு அதிகம். இன்னொரு சோதனை: காயிலை முழங்கால் உயரத்துக்கு மெல்லத் தூக்குங்கள். காசு என்றால் ஒலி சீக்கிரம் மங்கிவிடும். அப்போதும் விடாமல் கத்துவது கலப்பைக் கொழு போன்ற பெரிய இரும்பு. பெரிய இரும்பு வெள்ளிபோல உயர்ந்த எண்ணும் காட்டும், அதனால்தான் இந்தச் சோதனை.

பிரிட்டனின் இன்றைய சில்லறையும் குழப்பும். 1992 முதல் 1 பென்னி, 2 பென்னி காசுகள் செம்பு முலாம் பூசிய எஃகு. 2012-லிருந்து 5, 10 பென்னியும் நிக்கல் முலாம் எஃகு. எண் நிலையில்லாமல் குதிக்கும். பழையவை நேர்மையானவை: 1920-க்கு முந்தைய வெள்ளிக் காசுகள் 92.5 சதவீத வெள்ளி, 1920 முதல் 1946 வரை 50 சதவீதம், 1947-லிருந்து வெள்ளியே இல்லை. ஹேமர்ட் எனப்படும் கையால் அடித்த இடைக்கால வெள்ளிப் பென்னி நகத்தளவுக்கு மெல்லியது, ஒலியும் மெல்லியது. ஹெட்ஃபோன் இல்லாமல் காற்றடிக்கும் மேட்டு வயலில் அது காதில் விழாது.

எந்த வயல், எப்போது? அறுவடை முடிந்த ஆகஸ்ட், செப்டம்பரிலிருந்து அடுத்த விதைப்பு வரை உழுத நிலம் திறந்திருக்கும். அறுத்த தாள் உயரமாக நின்றால் காயில் தரையை நெருங்காது. உழுது ரோலர் ஓட்டியபின் போனால் சிறப்பு. நல்ல மழைக்குப் பின் ஒலி தெளிவாக வரும். ‘கிரீன் வேஸ்ட்’ உரம் கொட்டிய வயலை மட்டும் விட்டுவிடுங்கள். நகரத் தோட்டக் கழிவோடு அரைபட்டு வந்த அலுமினியத் துணுக்கு அதில் லட்சக்கணக்கில் இருக்கும்; எந்த மெஷினாலும் அங்கே ஒன்றும் செய்ய முடியாது. மின்வேலி, உயரழுத்தக் கம்பி பக்கம் மெஷின் துடித்தால் காயிலைத் தரையிலிருந்து தூக்கி அசையாமல் பிடித்து நாய்ஸ் கேன்சல் (வெளி மின் இரைச்சலை அடக்கும் வசதி) செய்யுங்கள்; அதற்கும் அடங்காவிட்டால் சென்சிட்டிவிட்டியை இரண்டு படி இறக்குங்கள். உச்சத்தில் வைத்துக் கத்தவிடுவதைவிட இறக்கி வைத்த அமைதியான மெஷின் அதிகம் கண்டுபிடிக்கும். எஃகு முனை வைத்த பூட்ஸ் போட்டிருந்தால் உங்கள் காலே ஒவ்வொரு வீச்சிலும் ஒலிக்கும்.

தோண்டுவதில்தான் விவசாயியின் நம்பிக்கை நிற்கிறது, விழுகிறது. புல்வெளியில் குறியைச் சுற்றி மூன்று பக்கம் மட்டும், ஒரு சாண் அகலத்துக்கு நேராக மண்வெட்டியை மிதித்து இறக்கி, நாலாவது பக்கத்தைக் கீல் மாதிரி விட்டு, புல்லோடு கட்டியைப் புரட்டுங்கள். குறியை ஒட்டி வெட்டாதீர்கள். காசின் நடுவே வெட்டு விழுந்தால் அதற்கு மருந்தில்லை. பின்பாயின்டரைக் குழியிலும் கட்டியிலும் மாற்றி மாற்றி விடுங்கள். ‘காரட்’ (கிழங்கு) என்று செல்லமாக அழைக்கப்படும், கேரெட் (Garrett) நிறுவனத்தின் ஆரஞ்சு நிற புரோ-பாயின்டர் ஏடி இதற்கு நம்பகமானது. 9 வோல்ட் பேட்டரி, 6 மீட்டர் வரை தண்ணீர் தாங்கும். மோதிரம் போட்ட கையால் மண்ணைத் தள்ளிக்கொண்டே அதைப் பிடித்தால் மோதிரத்துக்குத்தான் அலறும். எடுத்த கம்பி, ஈயம், டப்பாத் துண்டு எல்லாம் பைக்குள் போக வேண்டும்: கம்பித் துண்டை விழுங்கிய மாடு செத்தே போகலாம். கட்டியை மூடி நன்றாக மிதியுங்கள். கோடை வறட்சியில் புல்வெளியைத் தொடவே வேண்டாம். வேர் அறுந்த இடமெல்லாம் ஒரு வாரத்தில் மஞ்சள் வட்டமாகும்; அதோடு அனுமதியும் போகும்.

கிடைத்த காசைப் பேன்ட்டில் தேய்க்காதீர்கள். மண்ணில் இருப்பது மணல், மணல் வெள்ளியைக் கீறும். சிறு டப்பாவில் பஞ்சு வைத்து அப்படியே கொண்டுபோங்கள். ரோமானியச் செப்புக் காசை வினிகரில் ஊறவைத்தால் அதன் முகமே பச்சைக் களிம்போடு கழன்றுவிடும்.

அனுமதி விஷயம். இங்கிலாந்தில் எல்லா நிலத்துக்கும் உரிமையாளர் உண்டு; எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், கிடைத்ததைப் பங்கிடுவதையும் (வழக்கத்தில் பாதிக்குப் பாதி) அதிலேயே எழுதுங்கள். பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் எழுத்தில் அரசு அனுமதி இல்லாமல் டிடெக்டரைப் பயன்படுத்துவதே 1979-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உரிமையாளர் சரி என்றாலும் குற்றம்தான். போகுமுன் இங்கிலாந்தின் தேசியப் பாரம்பரியப் பட்டியலின் வரைபடத்தைப் பாருங்கள். 1996-ம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, 300 ஆண்டுக்கு மேற்பட்டு, குறைந்தது 10 சதவீதம் தங்கமோ வெள்ளியோ உள்ள பொருளை 14 நாளுக்குள் கொரோனரிடம் (புதையலையும் விசாரிக்கும் அரசு விசாரணை அதிகாரி) தெரிவிக்க வேண்டும். ஒற்றைக் காசு இதில் வராது. ஒரே இடத்தில் இரண்டு பொன் அல்லது வெள்ளிக் காசு வந்தால் வரும். நடைமுறையில் மாவட்டத்தின் ஃபைண்ட்ஸ் லயசான் அலுவலரிடம் (கிடைத்த தொல்பொருள்களைப் பதிவு செய்பவர்) சொன்னால் வழிகாட்டுவார். இடத்தை 8 இலக்க கிரிட் எண்ணோடு (வரைபடக் கட்டத்தில் இடத்தைக் காட்டும் எண்) குறித்துவையுங்கள், அது 10 மீட்டர் துல்லியம். 2015-ல் லெம்ஸ்டர் அருகே கிடைத்த வைக்கிங் காலப் புதையலைச் சொல்லாமல் விற்றவர்கள் 2019-ல் சிறைக்குப் போனார்கள்.

குழியில் ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் காசு வந்துகொண்டே இருந்தால் கையை எடுத்துவிடுங்கள். 1992-ல் சஃபோக்கின் ஹாக்ஸ்ன் ஊரில் எரிக் லாஸ் நண்பர் தொலைத்த சுத்தியலைத் தேடப் போய் ஏறத்தாழ 15,000 ரோமானியக் காசுகள் கொண்ட புதையலைத் தொட்டார். முழுவதையும் தோண்டாமல் தகவல் சொன்னதால்தான் அதை வைத்திருந்த மரப்பெட்டியின் தடயம்வரை ஆய்வாளர்களால் பதிவு செய்ய முடிந்தது. சுத்தியலும் கிடைத்தது; இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது!

இந்த மெஷினை விடுமுறைக்குத் தமிழ்நாட்டுக்கு எடுத்துப்போகிறவர்கள், பழைய கோயில், கோட்டை, மேட்டுப்பக்கம் தலைகாட்டவே கூடாது. 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் உள்ளது: மண்ணுக்குள் கிடைத்தது பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

பராமரிப்பு சிறிது. கழியின் இணைப்புகளில் மணல் ஏறினால் ஆட்டம் கொடுக்கும். கடற்கரைக்குப் பின் ஒவ்வொரு முறையும் பிரித்து நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். காயில் ஒரு மீட்டர் ஆழம் வரை தாங்கும், கண்ட்ரோல் பெட்டி தாங்காது. அலைக்குள் முழங்காலுக்கு மேல் இறங்கும் எண்ணமிருந்தால் இந்த மெஷின் உங்களுக்கல்ல. காயில் கேபிளைக் கழியோடு இறுக்கிச் சுற்றுங்கள். தொளதொளவென்று ஆடினால் பொய்க் குரல் வரும். காயிலின் பிளாஸ்டிக் போல்ட்டைக் கைவிரலால் மட்டும் முறுக்குங்கள், ஸ்பேனர் போட்டால் போல்ட் நுழையும் காயிலின் காது உடையும். குளிர்காலத்தில் சில வாரம் வெளியே போகப்போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். ஆல்கலைன் கசிந்து தகடு அரித்துப்போன மெஷினைச் சரிசெய்வதைவிட புதிது வாங்குவது எளிது.