பதில் சொல்கிற சாமானா, ஊமைச் சாமானா? பார்வையில்லாமல் சமைப்பவளின் அனுபவம்

பார்வையில்லாதவர்கள் சமைக்க எந்தச் சாமான் வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் விலையையோ கம்பெனியையோ முதலில் சொல்வதில்லை. கடையிலேயே பிளக்கைச் செருகி ஓடவிட்டுப் பாருங்கள் என்பேன். அணைந்து கிடக்கும் டெமோ பீஸைத் தடவிப் பார்த்து ஒன்றும் ஆகாது. அமுக்கினால் பதில் சொல்கிறதா, திருப்பினால் எங்கே நிற்கிறது என்று விரலுக்குத் தெரிகிறதா? இந்த இரண்டும் போதும். "கூட யாராச்சும் வந்திருக்காங்களா மேடம்?" என்று விற்பனைப் பையன் கேட்பான். "சமைக்கப் போறது நான்தான் தம்பி, எங்கிட்டயே காட்டுங்க" என்று சொல்லிப் பழகிவிட்டது.

இண்டக்‌ஷன் அடுப்பில் தொடங்குகிறேன், அதிகம் கேட்கப்படுவது அதுதான். தீ இல்லை, புடவைத் தலைப்பு பற்றாது, பாத்திரத்தை எடுத்தால் கத்தும். எல்லாம் சரி. ஆனால் டச் மாடல் வேண்டவே வேண்டாம். எங்கள் வீட்டில் முதலில் இருந்தது அதுதான். கண்ணாடி முழுக்க ஒரே வழவழப்பு. பட்டனைத் தேடிப் போகிற விரலே பட்டனை அமுக்கிவிடும். ஈரத்துணியால் துடைத்தால் அதுவும் ஒரு அமுக்கு. அமுங்குகிற பட்டன் உள்ள மாடலுக்கு மாறிய பிறகுதான் நிம்மதி.

அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சூட்டைக் கூட்டிக்கொண்டே போனால் உச்சத்தில் நிற்கிற மாடலாக இருக்க வேண்டும். சிலவற்றில் உச்சத்தைத் தாண்டியதும் மறுபடி அடியிலிருந்து சுற்றி வரும். அப்படிச் சுற்றுகிற அடுப்பில் நாம் எங்கே நிற்கிறோம் என்று கண்டுபிடிக்கவே முடியாது. என்னுடையதில் மைனஸை அமுக்கிக்கொண்டே போனால் அடிமட்டத்தில் பீப் நின்றுவிடும். அங்கிருந்து பிளஸ்ஸை எண்ணுவேன்: ரசம் நுரை கூட இரண்டு பீப், தோசைக்கு நாலு. தோசை, இட்லி, பால் என்று படம் போட்ட பட்டன்களை நான் தொடுவதே இல்லை. இன்னொன்று, அணைத்த பிறகும் உள்ளே ஃபேன் கொஞ்ச நேரம் ஓடும். அந்தச் சத்தத்தை வைத்து அடுப்பு எரிகிறது என்று நினைக்கக் கூடாது. கரண்ட் போய் வந்தால் அது தானாகத் திரும்ப எரியாது, மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும்.

கேஸ் அடுப்பைப் பற்றிப் பயமுறுத்துகிறவர்கள்தான் அதிகம். எனக்கு அதில் குறையே இல்லை. அமுக்கித் திருப்பினால் முதலில் பெரிய தீ, கடைசிவரை கொண்டுபோனால் சிம். பெரும்பாலான அடுப்புகளில் இதே ஒழுங்குதான். பாத்திரத்தை முதலில் வைத்து, பர்னரின் கம்பிகள் மேல் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்து, பிறகு பற்ற வைப்பேன். கேஸில் எத்தில் மெர்காப்டன் கலந்திருப்பதால் கசிவு மூக்குக்குத் தெரிந்துவிடும்.

பால் குக்கர் ஞாபகம் இருக்கிறதா? இரட்டைச் சுவர், நடுவில் தண்ணீர், கொதித்ததும் விசில். கொஞ்ச நேரம் கழித்துப் போனாலும் பால் பொங்கி வழியாது. பார்வையற்றவர்களுக்கென்று யாரும் செய்ததில்லை, ஆனால் இதைவிட நமக்கேற்ற சாமான் எங்கள் அடுப்படியில் கிடையாது. தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொண்டால் சரி. பிரஷர் குக்கரில் நான் உள்மூடி வகையைத்தான் சொல்வேன். மூடியைச் சாய்த்து நுழைக்கக் கை பழகச் சில நாள் ஆகும், ஆனால் உள்ளே பிரஷர் இருக்கும்வரை மூடி திறக்காது. வெயிட்டையும் முதலிலேயே மாட்டிவிடலாம், ஆவி வந்த பிறகு கையை நீட்ட வேண்டியதில்லை.

மிக்ஸி, கிரைண்டர் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மிக்ஸியில் வலப்பக்கம் மூன்று கிளிக், இடப்பக்கம் விப்பர், அவ்வளவுதான். குமிழ் வைத்ததாகப் பார்த்து வாங்குங்கள்.

மைக்ரோவேவிலும் டயல் இரண்டு வைத்ததையே தேடிப் பிடித்தேன். நேர டயலில் ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் துல்லியமாக வைக்க முடியாது, அது உண்மை. சாதம் சுட வைக்கத் துல்லியம் எதற்கு? டயல் எங்கே நிற்கிறது என்று விரலுக்குத் தெரிய, அதன் ஓரத்தில் எம்-சீலை (ஓட்டை அடைக்கிற, காய்ந்தால் இறுகும் பசை) கடுகளவு உருட்டி ஒட்டியிருக்கிறேன். நெயில் பாலிஷ் சொட்டு ஒட்டிக்கொண்டாலும் எண்ணெய்க் கையில் தேய்ந்துபோகிறது. அலமாரிக் கதவு இடிக்காமலிருக்க ஒட்டும் சிலிக்கான் பொட்டும் நல்லதுதான், ஆனால் பட்டன் மேலேயே ஒட்டாதீர்கள், பக்கத்தில் ஒட்டுங்கள்.

செல்போன் இருக்கிறதே என்பார்கள். 2015-இல் வந்த 'பி மை ஐஸ்' செயலியில் யாரோ ஒருவர் வீடியோவில் டிஸ்பிளேயைப் படித்துச் சொல்வார், இப்போது ஏ.ஐ.யும் சொல்கிறது. மளிகைப் பாக்கெட் படிக்க அருமை. ஆனால் கடுகு வெடித்துக்கொண்டிருக்கும்போது, ஆவி படிந்த கேமராவை நீட்டிக்கொண்டு நிற்க முடியுமா?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 43-ஆவது பிரிவு, எல்லோருக்கும் ஏற்ற வடிவமைப்பில் நுகர்பொருட்கள் உருவாக அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. கடைக்குப் போனால் வருஷத்துக்கு வருஷம் டச் பேனல்தான் கூடுகிறது.

என் மைக்ரோவேவின் டயல் போன மழைக்காலத்தில் விரிசல் விட்டுப்போனது. அந்த மாடலுக்கு ஸ்பேர் வருவதில்லையாம். தெருமுனை மெக்கானிக் ஒரு பழைய மிக்ஸிக் குமிழை ராவி மாட்டிக் கொடுத்தார். பூஜ்யம் கொஞ்சம் தள்ளி நிற்கிறது, எம்-சீலைப் பிய்த்து இடம் மாற்றி ஒட்டிக்கொண்டேன்.